ஸ்டீவ் லேசியை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. ஸ்பாட்டிஃபையிலோ யூடியூபிலோ ஸ்டீவ் லேசி என்று தேடினால் முன்னால் வந்து நிற்பவர் வேறு ஒருவர். 1998-இல் பிறந்த அமெரிக்கப் பாடகர் அவர், கிட்டாரும் வாசிப்பார், 2022-இல் பெரிய ஹிட் கொடுத்தவர். நாம் பேசப்போவது 1934-இல் நியூயார்க்கில் பிறந்து 2004-இல் பாஸ்டனில் மறைந்த ஜாஸ் சாக்ஸபோன் கலைஞரைப் பற்றி. அதனால் வெறும் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஆல்பத்தின் பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டுங்கள், கூட வாசித்தவர் பெயர் ஒன்றையும் போட்டால் இன்னும் நல்லது. கீழே ஒவ்வொரு ஆல்பத்துக்கும் யார் யார் வாசித்தார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. தன் பெயரில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள். அதுபோக செசில் டெய்லர், கில் எவன்ஸ், டெரெக் பெய்லி என்று மற்றவர்களோடு வாசித்தவை தனி. அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி, ஸ்விட்சர்லாந்து, ஜப்பான் என்று பல நாடுகளில் இருந்த சின்னச் சின்ன நிறுவனங்கள் வெளியிட்டவை இவை. முதல் ஆல்பத்தில் ஆரம்பித்து வரிசையாகக் கேட்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் 1966 வந்ததும் திணறிப்போய் நின்றுவிடுவார்கள் (ஏன் என்று பின்னால் வருகிறது). கண்ணில் பட்டதைப் போடுகிறவர்கள் மெட்டே இல்லாத ஏதோ ஒன்றில் போய் விழுந்து, இவர் நமக்குச் சரிப்பட மாட்டார் என்று ஒதுங்கிவிடுவார்கள். இரண்டுமே அநியாயம். என் யோசனை இதுதான்: ஆல்பத்தை விட்டுவிட்டு மெட்டைப் பிடியுங்கள். லேசி தனக்குப் பிடித்த மெட்டுகளை நாற்பது ஆண்டுகள் விடாமல் திரும்பத் திரும்ப வாசித்தவர். ஒரு மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு, அதை அவர் எந்த வயதில் யாரோடு எப்படி வாசித்தார் என்று தேடிக் கேட்டால், அந்தக் குவியலுக்குள் உங்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும்.

கேட்கும் முன்

சாக்ஸபோன் என்றதும் நம்மில் பலருக்கு கத்ரி கோபால்நாத்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ, வளைந்த வகை. லேசி வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தது சோப்ரானோ. பார்க்க நாகஸ்வரம் மாதிரி நேராக இருக்கும், சுருதி மேலே இருக்கும், கொஞ்சம் அசந்தாலும் சுருதி விலகிவிடும் பொல்லாத கருவி. பழைய தலைமுறை ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே அதில் வாசித்த, ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் மெட்டு ஒன்றைக் கேட்டுத்தான் லேசி இந்தப் பக்கம் வந்தார். 1950-களில் நவீன ஜாஸில் சோப்ரானோவை முழுநேரக் கருவியாக எடுத்தவர் அநேகமாக இவர் மட்டுமே. ஜான் கோல்ட்ரேன் அதை எடுத்து உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது 1960-க்குப் பிறகு.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். லேசி பழைய டிக்ஸிலேண்ட் பாணிக் குழுக்களில் மூத்தவர்களோடு வாசித்துப் பழகியவர். நடுவில் இருந்த பீபாப் (1940-களில் வந்த வேகமான புது ஜாஸ்) காலத்தை அப்படியே தாண்டி, இருபது வயதை ஒட்டி, அன்றைக்கு எவருக்கும் பிடிபடாத பியானோ கலைஞர் செசில் டெய்லரிடம் போய்ச் சேர்ந்தார். 1956-இல் பதிவான டெய்லரின் 'ஜாஸ் அட்வான்ஸ்' ஆல்பத்தில் அவரைக் கேட்கலாம். பழசும் புதுசும் அவரிடம் சண்டையில்லாமல் சேர்ந்து இருப்பதற்கு இந்தத் தாவல்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ஹெட்ஃபோன் கட்டாயம். போனின் ஸ்பீக்கரில் கேட்டால் பாஸும் டிரம்ஸும் காணாமல் போய் சோப்ரானோவின் கீச்சுக் குரல் மட்டும் மிஞ்சும், பத்து நிமிடத்தில் தலைவலி வரும், பழியை லேசி மேல் போடுவீர்கள்.

முதல் படி: 'பை-யா' என்ற ஒரே ஒரு மெட்டு

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் எழுதிய மெட்டு இது. லேசியைக் கேட்க மங்கைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் லேசியின் பள்ளிக்கூடமே மங்க்தான். 1960-இல் பதினாறு வாரம் மங்கின் குழுவிலேயே வாசித்திருக்கிறார். வருத்தம் என்னவென்றால், அந்தக் குழு ஒரு ஸ்டுடியோ ஆல்பம்கூடப் போடவில்லை. போகட்டும்.

முதலில் மங்க் 1952-இல் மூவர் குழுவாகப் பதிவுசெய்த 'பை-யா'வைக் கேளுங்கள். ஜாஸில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆரம்பத்தில் மெட்டை முழுசாக வாசிப்பார்கள், பிறகு அதே சட்டத்தை (மெட்டுக்கு அடியில் ஓடும் கார்டுகளின் வரிசையை) சுற்றிச் சுற்றி ஒவ்வொருவரும் தன் கற்பனைக்கு வாசிப்பார்கள், கடைசியில் மெட்டு திரும்ப வரும். 'பை-யா'வின் ஒரு சுற்று 32 அளவு (ஆங்கிலத்தில் bar, ஒரு அளவுக்கு நான்கு தட்டு). எட்டு அளவுக்கு ஒரு வாக்கியம், அது மறுபடி ஒரு தரம், அடுத்து வேறு ஒரு வாக்கியம், திரும்பவும் முதல் வாக்கியம். அந்த மாறும் வாக்கியம் எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குளிக்கும்போது தானாக வாயில் வரும் வரைக்கும் கேளுங்கள். அவசரமே இல்லை.

மெட்டு வாயில் வந்ததும் லேசியின் 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' ஆல்பத்துக்குப் போங்கள். 1958 அக்டோபரில் பதிவானது, லேசிக்கு அப்போது 24 வயது. மால் வால்ட்ரன் பியானோ, ப்யூல் நைட்லிங்கர் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ் (கோல்ட்ரேனோடு சேர்ந்து பெரும்புகழ் பெறுவதற்கு முந்தைய எல்வின்). ஏழு பாட்டு, ஏழும் மங்குடையவை. மங்க் அல்லாத ஒருவர் ஒரு முழு ஆல்பத்தையும் மங்கின் மெட்டுகளாலேயே நிரப்பியது அதுதான் முதல் தரம். அதிலும் எல்லோருக்கும் தெரிந்த பிரபலமான மெட்டுகளை விட்டுவிட்டு, யாரும் தொடாதவற்றைத் தேடி எடுத்திருக்கிறார். இதில் வரும் 'பை-யா'வில் லேசியின் சோலோவைக் கவனியுங்கள். வேகம் காட்டுவதில் அவருக்கு அக்கறையே கிடையாது. மெட்டிலிருந்து ஒரு துண்டை எடுப்பார், அதை இந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார், போதும் என்று தோன்றியதும் அடுத்த துண்டுக்கு நகர்வார். வால்ட்ரன் பின்னால் கொஞ்சமான சுரங்களை வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருப்பார். நீங்கள் மட்டும் மனசுக்குள் மெட்டை ஓடவிட்டுக்கொண்டே கேளுங்கள். லேசி எங்கே அதை உரசுகிறார், எங்கே விலகுகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

இப்போது 'ஸ்கூல் டேஸ்'. என்னைக் கேட்டால் லேசியின் மொத்தப் பதிவுகளிலும் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். 1963 மார்ச்சில் நியூயார்க்கின் ஒரு காபிக்கடையில் வாசித்ததைப் பதிவுசெய்தது. டிராம்போனில் ராஸ்வெல் ரட், பாஸில் ஹென்றி கிரைம்ஸ், டிரம்ஸில் டெனிஸ் சார்ல்ஸ். லேசியும் ரட்டும் அந்த ஆண்டுகளில் மங்கின் மெட்டுகளை மட்டுமே வாசிப்பது என்று முடிவெடுத்து ஒரு குழு வைத்திருந்தார்கள். வேலை கொடுக்க ஆள் இல்லை, கிடைத்த இடத்தில் வாசித்தார்கள். பதிவு ஆல்பமாக வெளிவந்ததே 1975-இல்தான். ஒலித்தரம் சுமார், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் 'பை-யா'வை மறுபடி இங்கே கேளுங்கள். 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' போல இங்கே பியானோ கிடையாது. சட்டத்தைக் காட்டித்தர ஆள் இல்லாததால் சாக்ஸபோனும் டிராம்போனும் ஒன்றுக்கொன்று தாங்கிப் பிடித்தாக வேண்டும். லேசி மேலே மெல்லிசாகக் கோடு போட, ரட் கீழே உறுமுவார், இழுப்பார், வம்புக்கு இழுப்பார். ஐந்து வருடத்துக்கு முன் ஸ்டுடியோவில் கவனமாக அடியெடுத்து வைத்த அதே ஆள் இங்கே மெட்டுக்குள் சொந்த வீட்டில் நடமாடுகிற மாதிரி நடமாடுவது உங்களுக்கே புரியும், ஏனென்றால் இப்போது அந்த மெட்டு உங்களுக்கும் தெரியும்.

'ஸ்கிப்பி' என்ற மெட்டும் இந்த இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறது. அது மங்க் எழுதியதிலேயே கடினமான மெட்டுகளில் ஒன்று, படு வேகமாக வளைந்து வளைந்து போகும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'மங்க்ஸ் டிரீம்' மெட்டை இப்போதே கேட்கலாம்: 'ஸ்கூல் டேஸ்' ஆல்பத்தில் ஒரு தரம், பிறகு அதே பெயரில் 1999-இல் பதிவாகி 2000-இல் வெர்வ் நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு தரம். அதே லேசி, அதே ரட், நடுவில் 36 ஆண்டுகள்.

இரண்டாம் படி: 'எவிடன்ஸ்', அதாவது இடைவெளிகள்

இதுவும் மங்கின் மெட்டுதான், ஆனால் மெட்டு என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பழைய பாட்டு ஒன்றின் சட்டத்தை எடுத்து, அங்கங்கே ஒற்றைச் சுரங்களை மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். மங்கின் 1948 பதிவில் ஆரம்பியுங்கள், மில்ட் ஜாக்சன் வைப்ராஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசித்திருப்பார். கேட்கும்போது காலால் தாளம் போட்டுக்கொண்டே இருங்கள். சுரம் விழும் இடமும் உங்கள் கால் விழும் இடமும் ஒன்றாக இருக்காது, அதுதான் விளையாட்டு.

பிறகு லேசியின் 'எவிடன்ஸ்' ஆல்பம், 1961 நவம்பரில் பதிவானது. டிரம்பெட்டில் டான் செர்ரி, டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ், இருவரும் கட்டற்ற ஜாஸின் முன்னோடி ஆர்னெட் கோல்மனோடு வாசித்து வந்தவர்கள். பாஸ் கார்ல் பிரவுன். இதிலும் பியானோ கிடையாது. நான்கு மங்க் மெட்டுகள், இரண்டு எலிங்டன் வட்டாரத்து மெட்டுகள். ஹிக்கின்ஸின் டிரம்ஸ் அத்தனை இதமாக ஓடும், இடைவெளிகளை அவர் பயமில்லாமல் திறந்தே விட்டுவைப்பார். ஒலிப்பதிவும் சுத்தம். 'ஸ்கூல் டேஸ்' ஒலித்தரம் ஒத்துவராதவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அதன்பின் 24 ஆண்டு தாண்டி 'ஒன்லி மங்க்'. 1985-இல் இத்தாலியின் சோல் நோட் நிறுவனத்துக்காக லேசி தன்னந்தனியாக வாசித்தது. துணைக்கு ஒரு கருவியும் கிடையாது. அதிலும் 'எவிடன்ஸ்' இருக்கிறது. இப்போது தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். அவர் நிறுத்தும்போது பதறாதீர்கள், உங்கள் கால் தொடர்ந்து போகட்டும். அடுத்த சுரம் சரியாக வந்து விழும்போது கிடைக்கும் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. ஒரே ஆள் ஒரு குழலில் ஒற்றை ஒற்றைச் சுரமாகப் போட்டு, இல்லாத டிரம்ஸையும் இல்லாத பாஸையும் நம் காதில் ஓடவிடுகிறார். 'ஹூ நோஸ்' என்ற மெட்டும் இரண்டு ஆல்பத்திலும் பொதுவாக இருக்கிறது, அதையும் இதே மாதிரி செய்து பாருங்கள்.

மூன்றாம் படி: இருவர் மட்டும்

இந்த இடத்தில் சிறிது ஓய்வு. மால் வால்ட்ரனோடு லேசி வாசித்த இருவர் பதிவுகள் நிறைய உண்டு. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் கடைசி ஆண்டுகளில் அவருக்குப் பியானோ வாசித்தவர் வால்ட்ரன். பிறகு வால்ட்ரன், லேசி இருவருமே ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார்கள், லேசி 1970 முதல் பாரிஸில். 1981-இல் பாரிஸின் டிரெயர் என்ற இடத்தில் வாசித்த நேரடிப் பதிவுகள், எலிங்டன், அவருடைய கூட்டாளி ஸ்ட்ரேஹார்ன் மெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்ட 'செம்ப்ரே அமோரே' (1986), நோவஸ் நிறுவனத்தின் 'ஹாட் ஹவுஸ்' (1990) மூன்றில் எதை எடுத்தாலும் ஏமாற மாட்டீர்கள். வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போது போடக்கூடிய லேசி என்று சொல்ல வேண்டுமானால் 'செம்ப்ரே அமோரே'தான்.

அதோடு 'பாரிஸ் புளூஸ்' ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கில் எவன்ஸ் 1957-இல் தன் முதல் ஆல்பத்திலேயே லேசியைச் சேர்த்துக்கொண்டவர். முப்பது வருடம் கழித்து 1987 கடைசியில் இருவர் மட்டும் உட்கார்ந்து இதைப் பதிவுசெய்தார்கள், அடுத்த மார்ச்சில் எவன்ஸ் காலமாகிவிட்டார். அதில் லேசியின் சொந்த மெட்டு 'எஸ்டீம்' வருகிறது, எலிங்டன் குழுவின் ஆல்டோ கலைஞர் ஜானி ஹாட்ஜஸுக்குக் காணிக்கையாக எழுதியது. எவன்ஸ் பியானோவில் தடுமாறித் தடுமாறிச் சுரம் தேடுவது போலிருக்கும், ஆனால் தேடிப் பிடிக்கும் ஒவ்வொன்றும் லேசிக்குக் கீழே சரியாகப் போய் உட்காரும்.

நான்காம் படி: அவருடைய சொந்த மெட்டுகள், சொந்தக் குழு

பலர் மங்கோடு நின்றுவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். பாரிஸில் லேசி நீண்ட காலம் வைத்திருந்த குழுவும், அதற்காக எழுதிய நூற்றுக்கணக்கான மெட்டுகளும்தான் அவருடைய வாழ்நாள் வேலை.

இங்கேயும் அதே வழிதான். பண்டைய சீன ஞானி லாவோ ட்ஸூவின் வரிகளுக்கு லேசி மெட்டமைத்த தாவோ வரிசையில் ஆறு துண்டுகள்: 'எக்ஸிஸ்டென்ஸ்', 'தி வே', 'போன்', 'நேம்', 'தி பிரெத்', 'லைஃப் ஆன் இட்ஸ் வே'. ஸ்விட்சர்லாந்தின் ஹேட் ஹட் நிறுவனத்தின் 'தி வே' ஆல்பத்தில் 1979-இல் பாசல் நகர மேடையில் ஐவர் குழுவாக இதை முழுசாக வாசித்திருக்கிறார்கள். 1991-இல் பதிவான 'ரிமெய்ன்ஸ்' ஆல்பத்தில் இதே ஆறையும் லேசி தனியாக வாசிக்கிறார். முதலில் தனியாக வாசித்ததைக் கேளுங்கள். மெட்டுகள் எளிமையாக, எலும்பும் தோலுமாக இருக்கும், 'போன்' ஒரு தரம் கேட்டாலே மனத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் குழுவின் பதிவைப் போட்டால் அந்தக் கூட்டச் சத்தத்துக்குள்ளும் மெட்டு எங்கே இருக்கிறது என்று காது தானாகக் கண்டுபிடித்துவிடும்.

குழுவில் ஒரு குரல் வரும், லேசியின் மனைவி ஐரீன் ஆபி. வயலினும் செல்லோவும் வாசிப்பார், பாடுவார். ஜாஸ் பாடகி என்றால் நாம் எதிர்பார்க்கும் குழைவு எதுவும் இருக்காது, நேராக, விறைப்பாக, சாக்ஸபோனோடு சுரத்துக்குச் சுரம் ஒட்டிப் பாடுவார். முதல் தரம் பலருக்குப் பிடிக்காது, இந்தக் குரலால் லேசியையே விட்டு விலகியவர்கள் உண்டு. விலகாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இந்த மெட்டுகள் பல வார்த்தைகளுக்காகவே எழுதப்பட்டவை, அவற்றை அழகுபடுத்தாமல் அப்படியே சொல்லும் ஒரு குரல்தான் லேசிக்கு வேண்டியிருந்தது. அப்படியும் ஒத்துவராவிட்டால் குழலிசை தூக்கலாக இருக்கும் 'தி டோர்' (1989) கேளுங்கள். ஆல்டோவில் ஸ்டீவ் பாட்ஸ், பியானோவில் பாபி ஃப்யூ, பாஸில் ஜான்-ஜாக் அவெனெல், டிரம்ஸில் ஆலிவர் ஜான்சன். பாட்ஸ் கொதிப்பார், லேசி குளிர்ந்து நிற்பார், இந்த இருவரின் பொருத்தம் அலாதி. குரல் பழகியபின் 'வெஸ்பர்ஸ்' (1993). பல்கேரியக் கவிஞர் பிளாகா டிமிட்ரோவாவின் கவிதைகள், இறந்துபோன நண்பர்களின் நினைவில் எண்மர் குழுவாக வாசித்தது.

ஐந்தாம் படி: மெட்டு இல்லாத இடம்

மேலே 1966 என்று சொன்னேன் அல்லவா, அது 'தி ஃபாரஸ்ட் அண்ட் தி ஜூ'. இத்தாலியின் என்ரிகோ ராவா டிரம்பெட், தென்னாப்பிரிக்காவின் ஜானி டியானி பாஸ், லூயிஸ் மொஹோலோ டிரம்ஸ். நால்வரும் திரும்பிவர டிக்கெட் இல்லாமல் அர்ஜென்டினா போய் மாதக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், அந்த நேரத்தில் புவேனஸ் ஐரிஸில் வாசித்தது இது. மெட்டு கிடையாது, தாளக்கட்டு கிடையாது, இருபது இருபது நிமிடமாக இரண்டு துண்டு. முதலில் ஏழெட்டு நிமிடம் கேட்டால் போதும். ஒரே ஒருவரை, உதாரணமாக மொஹோலோவை மட்டும், பின்தொடர்ந்து கேளுங்கள். அடுத்த நாள் வேறொருவர்.

1972 ஆகஸ்டில் அவினியோன் நகரில் வாசித்தவைதான் லேசியின் முதல் தனிக் கச்சேரிகள். சாக்ஸபோன் கலைஞர் ஆண்டனி பிராக்ஸ்டன் தனியாக வாசித்ததைக் கேட்டுத்தான் இதில் இறங்கினார். எமனெம் நிறுவனம் வெளியிட்டது. மெட்டும் உண்டு, மூச்சுச் சத்தமும் கீச்சும் உண்டு, 'ஒன்லி மங்க்' பிடித்தவர்களுக்கு இது எட்டாததல்ல. இவான் பார்க்கரோடு பெர்லினில் இரண்டு சோப்ரானோக்கள் மட்டும் வாசித்த 'சர்ப்ஸ்' (1985), லண்டனில் நான்கு சாக்ஸபோன்களோடு கிட்டாரும் சிந்தசைசரும் சேர்ந்த 'சாக்ஸபோன் ஸ்பெஷல்' (1974) இரண்டும் அதற்கும் அப்பால். ஆசை வரும்போது போங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை.

வாங்கும்போது

லேசியின் பதிவுகள் பெயர் மாறி மாறி வெளிவந்தவை. அவினியோன் கச்சேரிகள் முதலில் ஒரு இசைத்தட்டாக, பிறகு 'தி வோ' என்ற வியட்நாம் போர் எதிர்ப்புத் தொகுப்போடு சேர்ந்து 'வீல் அண்ட் வோ' என்று, இன்னும் பிற்பாடு 'அவினியோன் அண்ட் ஆஃப்டர்' என்று வந்தன. ஒரே இசைக்கு இரண்டு தரம் பணம் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். அதனால் தலைப்பை நம்பாமல் பதிவான தேதி, இடம், வாசித்தவர்கள் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையில் இருக்கும் வெளியீட்டு ஆண்டும் ஏமாற்றும், 'ஸ்கூல் டேஸ்' கதை தெரியும்தானே.

1970-களின் பாரிஸ் லேசி வேண்டுமானால் தனித்தனியாகத் தேடாமல் 'ஸ்கிராச்சிங் தி செவன்டீஸ்' தொகுப்பைப் பாருங்கள், சரவா நிறுவனத்துக்கு அவர் போட்ட ஐந்து ஆல்பங்கள் ஒன்றாக இருக்கும். மங்க் மெட்டுகள் தீர்ந்துபோனது போல் தோன்றினால் 'ரீஜெனரேஷன்' (1982) எடுங்கள். ரட், மிஷா மெங்கல்பெர்க், கென்ட் கார்ட்டர், ஹான் பென்னிங்க் ஆகியோரோடு சேர்ந்து மங்கையும், உயிரோடிருந்தபோது யாரும் கண்டுகொள்ளாத ஹெர்பி நிக்கல்ஸையும் வாசித்திருக்கிறார்கள். நிக்கல்ஸின் மெட்டுகளுக்கும் அதே வழிதான்: முதலில் 1955, 56-இல் நிக்கல்ஸே ப்ளூ நோட் நிறுவனத்துக்காகப் பியானோவில் வாசித்தவற்றைக் கேளுங்கள், அப்புறம் லேசியிடம் வாருங்கள்.